கால் அறியாத சூடு

மூன்றாவது கடையிலும் யூஜினா செருப்பைக் கழற்றினாள். தரையில் வரிசையாகப் பதித்து வைத்திருந்த மாதிரி டைல்ஸ்களில் ஒவ்வொன்றாக ஏறி நின்றாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் நிண்டு பாருங்கோவன்."

கிளெமென்ற் நின்று பார்த்தார். "நல்லம்" என்றார்.

"மற்றது?"

"அதுவும் நல்லம்."

"ரெண்டில எது குளிர்?"

"ரெண்டும் ஒண்டுதான், யூஜி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் ஆட்கள் நின்றதால் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில், நான்காம் மாடியில் அவர்களுடைய வீடு. கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே குடிவந்தபோது தரையெல்லாம் பலகை போலத் தெரியும் ஒரு விரிப்புப் போட்டிருந்தார்கள். பார்த்தவுடனே யூஜினாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் கடற்காற்றுக்கு அது பிடிக்கவில்லை. முதல் மழைக்கே விளிம்புகள் உப்பின. அடுத்த மழைக்கு பெல்கனிப் பக்கம் மேடாகிவிட்டது. நடந்தால் முனகியது. ஈரக் கடதாசி மணம் ஒன்று வீடு முழுக்க நின்றது. ஏப்ரலில் அந்தப் பலகை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. காலைக் கழுவிவிட்டு வந்தாலும் அதே பிசுபிசுப்பு.

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் படிப்பிக்கிறாள். ஏப்ரல் விடுமுறை முடிவதற்குள் இந்தத் தரையை மாற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிளெமென்ற் சில மாதங்களாக ஓரிடத்தில் இருப்பதில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கி விடுவிக்கும் கொம்பனி ஒன்றில் வேலை. முன்பெல்லாம் வேலையால் வந்தால் கதிரையில் சாய்ந்து செய்தி பார்ப்பார். இப்போது சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து சாப்பிடுகிறார். தேவாலயப் பூசையில் பாதியில் எழுந்து வெளியே போய் நிற்கிறார். "வேலையில பிரச்சினையோ?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை." வீடு பிடிக்கவில்லை, வாய்விட்டுச் சொல்ல மனமில்லை என்று யூஜினா முடிவு கட்டிக்கொண்டாள். தரை சரியானால் மனிதர் அடங்குவார் என்று நம்பினாள்.

ஆனால் தெரிவு செய்ய உதவவும் மாட்டேன் என்கிறாரே. கொள்ளுப்பிட்டிக் கடைக்காரன் தண்ணீர் போகாத பலகை என்று ஒன்றைக் காட்டினான். அவள் ஒருமுறை ஏமாந்தது போதும் என்று வெளியே வந்துவிட்டாள். வெள்ளவத்தையில் வினைல் விரிப்புக் காட்டினார்கள். முகர்ந்து பார்த்தாள், புதுச் செருப்புப் பெட்டி மணத்தது. இரண்டு இடத்திலும் கிளெமென்ற் "நல்லம்" என்றார்.

இந்த மூன்றாவது கடை தெஹிவளையில். நடத்துபவர் நப்ரீஸ். அவர் எதையும் விற்க அவசரப்படவில்லை.

"மேடம், கடலுக்குக் கிட்ட வீடென்டா பலகை வாணாம். பளபளப்பு டைல்ஸும் வாணாம். மழை நேரம் தரை வேர்க்கும், வழுக்கும். மினுக்கம் இல்லாதது பாருங்க" என்றார். "பெல்கனிக்கும் அதையே போடுறதென்டா வெளியால வாங்க. வெயில்ல கிடக்கிற டைல்ஸ் இரிக்கி. நிறத்துக்கு நிறம் சூடு வித்தியாசம்."

கடையின் பின்முற்றத்தில் மத்தியான வெயில் நேராக விழுந்தது. வெள்ளை, சாம்பல், செங்கல் நிறம், கறுப்பு என்று டைல்ஸ் சீமெந்தில் பதித்துக் கிடந்தன. யூஜினா வெள்ளையில் நின்றாள், பொறுக்கலாம். சாம்பலில் குதிக்கால் தூக்கிற்று. கறுப்பில் பெருவிரலை வைத்தவள் "ஐயோ!" என்று துள்ளி நிழலுக்கு ஓடிவந்தாள். நப்ரீஸ் சிரித்தார்.

அப்போது கிளெமென்றின் கைத்தொலைபேசி அடித்தது. அலுவலகம். யாரோ ஒரு சரக்குப் பெட்டியின் இலக்கத்தைக் கேட்டார்கள். கதைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றி, முற்றத்துக்கு இறங்கி, கறுப்பு டைல்ஸில் போய் நின்றார். அங்கேயே நின்றார். நின்றபடியே இலக்கத்தைச் சொன்னார், மறுபடி சொன்னார், யாரையோ கடிந்துகொண்டார்.

முதலில் யூஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தாள். பிறகு கோபம் வந்தது.

"என்ன, வீரம் காட்டுறியளோ?"

அவர் தொலைபேசியை மூடிவிட்டுத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்து, என்னவோ கேட்கப்பட்டிருக்கிறது என்று ஊகித்து, "ஓம், இது நல்ல குளிர்" என்றார்.

"சேர், இறங்குங்க!" நப்ரீஸ் பாய்ந்து போய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். "இறங்குங்க சேர், கால் வெந்துபோகும்!"

உள்ளே ஒரு ஸ்டூலில் இருத்தினார்கள். நப்ரீஸ் வாளியில் தண்ணீர் எடுத்துவரப் போனார். யூஜினா முழங்காலை ஊன்றி இருந்து கணவனுடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கச் சிவந்து, விரல்களின் அடியில் தோல் வெளிறத் தொடங்கியிருந்தது. அவர் வலியில் முகம் சுளிக்கவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"கண்ணை மூடுங்கோ" என்றாள் யூஜினா.

"ஏன்?"

"மூடுங்கோ எண்டுறன்."

அவர் மூடினார். அவள் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மற்றக் காலில் சிவக்காத இடமாகப் பார்த்து அதன் முனையை வைத்து அழுத்தினாள். பிறகு இன்னும் பலமாக அழுத்தினாள். தோலில் குழி விழுந்தது.

கிளெமென்ற் பொறுமையாகக் காத்திருந்தார். "தொடுமன் யூஜி" என்றார் கடைசியில். "ஏன் சும்மா இருக்கிறீர்?"

யூஜினாவால் பேனையை எடுக்க முடியவில்லை. நப்ரீஸ் வாளியோடு வந்து, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாளியை வைத்தார். "ஐஸ் வைக்க வாணாம். பச்சத் தண்ணிதான் நல்லம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே டாக்டர் ரொஷேலிடம் போனார்கள். இளம் பெண். விரலில் குத்தி இரத்தத்தில் சீனி அளவு பார்த்தாள். மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். கணுக்கால் வரைக்கும் கிளெமென்ற் "இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை பொய் சொல்லவில்லை.

"சீனி வருத்தம் நரம்பில பிடிச்சிருக்கு, அங்கிள். போன உணர்வு திரும்பி வருமெண்டு நான் சொல்லமாட்டன். இன்னும் மேல ஏறாமப் பாக்கலாம். ஆனா இனி வெறுங்கால் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு."

"வீட்டுக்குள்ளயுமோ?"

"முக்கியமா வீட்டுக்குள்ள. வெளியில நீங்கள் பாத்துத்தான் நடப்பீங்கள். வீட்டுக்குள்ள ஆரும் கீழ பாக்கிறதில்லை."

ஓட்டோவில் திரும்பும்போது காலி வீதி முழுக்க நெரிசல். காலில் துணிக் கட்டோடு கிளெமென்ற் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று யூஜினா கேட்டாள்.

"முதல்ல ஒரு விரல்தான் விறைச்சது. ஒரு விரலுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு விட்டிட்டன். பிறகு மற்ற விரல். பிறகு பாதி. எப்ப சொல்லியிருக்க வேணுமெண்டு தெரியாமப் போச்சு."

"நான் என்னெல்லாம் நினைச்சன் தெரியுமோ? ஓரிடத்தில இருக்கிறீங்களில்லை. வீடு பிடிக்கேல்லையாக்கும் எண்டு..."

"இருந்தா எரியுது யூஜி. நெருப்பு மாதிரி. எரிவு நிண்டால் கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியிறதில்லை. ரெண்டையும்விட நடக்கிறது சுகம்."

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அடுத்த நிமிடமே உதறிவிட்டு, "விசர் மனுசன்" என்றாள். அழுதாள். ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

கொப்புளம் ஆறும் வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. யூஜினா காலையும் மாலையும் அவருடைய பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். அவருக்கு அது வெட்கமாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டார். சத்தம் போட்டார்கள். உப்பிய பலகை விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதைக் காலால் மிதித்து அமுக்கினாள். இத்தனை நாள் இந்த மனிதர் இதில் தடுக்கி விழாமல் எப்படி நடந்தார்? கீழே பார்த்துப் பார்த்துத்தான் நடந்திருக்கிறார். வீட்டுக்குள்ளேயே.

அவர்கள் திரும்பக் கடைக்கு வந்தபோது நப்ரீஸ் எழுந்து நின்றார். "கால் எப்படி சேர்? நீங்க இனி வரமாட்டீங்க என்டு நினைச்சேன்."

"குளிரைப் பற்றி இனி என்னட்டக் கேக்காதையும்" என்றார் கிளெமென்ற், மனைவியிடம். "அது உம்முடைய வேலை. எனக்கு வழுக்கக் கூடாது. பிறகு, கீழ விழுந்தது கண்ணுக்குத் தெரிய வேணும். அவ்வளவுதான்."

மூன்று கடைகளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

புதுச் செருப்போடு அவர் டைல்ஸ்களில் நடந்தார். நப்ரீஸ் அவற்றில் தண்ணீர் தெளித்தார். யூஜினா பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். கரடுமுரடானது செருப்பைப் பிடித்து நிறுத்தியது, அது வேண்டாம். மணற் புள்ளி போட்ட ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது, அழுக்குத் தெரியாது.

"அழுக்குத் தெரியாட்டி ஊசியும் தெரியாது" என்றார் கிளெமென்ற். "பொறும். உம்முடைய தோட்டைக் கழற்றித் தாரும்."

"என்னத்துக்கு?"

"தாருமன்."

அவர் திரும்பி நின்றுகொண்டார். யூஜினா புள்ளி டைல்ஸில் தோட்டை வைத்தாள். அவர் திரும்பி, குனிந்து தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கடையில் நின்ற இன்னொரு குடும்பமும் சேர்ந்து தேடத் தொடங்கியது. கடைசியில் நப்ரீஸ்தான் கண்டுபிடித்தார். பழுப்பு மரக்கோடு போட்டதில் வைத்தார்கள், கோட்டோடு கோடாய் மறைந்துவிட்டது. மினுக்கம் இல்லாத, ஒரே நிறமான, பாலாடை நிறத்தில் வைத்தபோது அவர் திரும்பிய உடனேயே "அந்தா" என்றார். பெரிய சதுரம் எடுத்தால் இடைக்கோடு குறையும், செருப்புத் தடக்காது என்று தானே சொன்னார். சதுரத்தின் அளவைப் பற்றி நப்ரீஸோடு வாதாடினார். யூஜினா செருப்பைக் கழற்றி அதில் நின்றாள். மணற் புள்ளி அளவுக்கு அழகில்லை, பலகை அளவுக்குச் சூடுமில்லை.

"என்ன?" என்று கிளெமென்ற் கேட்டார்.

"எனக்குச் சரி" என்றாள்.

வேலை விடுமுறைக்குள் முடியவில்லை. பலகையைப் பெயர்த்தபோது அடியில் கறுப்புப் பூஞ்சணம் சுவர் வரைக்கும் ஏறியிருந்தது. அதைச் சுரண்டி, காயவிட்டு, சீமெந்து பூசி, திரும்பவும் காயவிட வேண்டியிருந்தது. அதற்குள் மழையும் தொடங்கிற்று. யூஜினா பள்ளிக்கூடத்தால் வந்து சீமெந்துத் தூசியில் சமைத்தாள்.

டைல்ஸ் போட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்து சாப்பிட்ட பிறகு, அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்தாள். பாயும் போடவில்லை. கிளெமென்ற் செருப்புச் சத்தம் கேட்க அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். அவளருகே வந்து நின்றார்.

"எப்பிடி இருக்கு?"

"குளிர்தான்."

"எவ்வளவு?"

அவள் யோசித்தாள். "மழை நேரம் யன்னல் கண்ணாடியில கன்னத்தை வைச்ச மாதிரி."

 அவர் சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, செருப்புக் காலோடேயே முதுகைத் தரையில் சாய்த்தார். சாய்த்தவர் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"ஆ!"

யூஜினா பதறி எழும்பினாள். "என்ன? என்ன செய்யுது?"

"குளிருது" என்றார். சிரித்தார். "முதுகுக்குத் தெரியுது, யூஜி."

தோளை, முழங்கையை, பின்தலையை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். மருதானைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்து போயிற்று. 

பிறகு எரிவு தொடங்கியிருக்க வேண்டும். கதிரையைப் பிடித்து எழுந்தார். பெல்கனி வரை போனார், திரும்பி வந்தார், சமையலறைப் பக்கம் போனார்.

"அங்க குளிர்ப்பெட்டிக்கு முன்னால தண்ணி சிந்திக் கிடக்கு" என்று யூஜினா கண்ணை மூடியபடியே குரல் கொடுத்தாள்.

"கண்டிட்டன்" என்று பதில் வந்தது. "துடைக்கிறன்."