துஷ்யந்தியின் பெட்டரி சைக்கிளும் அரச காட்டுப் பாதையும்

1

இந்தக் கதை ஒரு பாமசியில் தொடங்கியது. ‘பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் எனக்குப் பிரஷர் ஏறியது’ என்றுதான் முதல் வரியை எழுதினேன். பகடியாக இருந்தது, அடித்துவிட்டேன். (அடித்த வரி உங்கள் கண்ணில் படுகிறது அல்லவா? படட்டும். இந்தக் கதையில் நான் எதையும் ஒளிக்கிற மனநிலையில் இல்லை.)

நடந்தது இதுதான். றக்வான டவுனில் நுஸ்கா நடத்தும் பாமசியில், கவுண்டருக்குப் பின்னால் துஷ்யந்தி இருப்பாள். அன்று அவள் இல்லை. நுஸ்காவே ஒவ்வொரு தட்டாகத் தேடிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, துஷ்யந்தி இனி வேலைக்கு வருவது கஷ்டம் என்றார். காட்டுப் பாதையில் அவளுடைய பெட்டரி சைக்கிளை ஓட்டக் கூடாதென்று தடை போட்டுவிட்டார்களாம். அதே பாதையில் கொழும்பிலிருந்து உல்லாசமாக வருகிறவர்கள் அதே மாதிரிச் சைக்கிளை ஓட்டலாமாம்.

மாத்திரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘மூடுபனி மலைகளை மெல்லத் தழுவிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்...’

வேண்டாம். இதே வாக்கியத்தைச் சுற்றுலாக் கம்பெனி தன் விளம்பரத்தில் போட்டுவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: ‘விதி துஷ்யந்தியின் வலது காலைப் பறித்தபோது அவளுக்கு வயது...’

இதுவும் வேண்டாம். அவளைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போனபோது அவளே சொல்லிவிட்டாள். “காலப் பத்தி ரொம்ப எழுதாதீங்க. நான் வேலைக்குப் போறதப் பத்தி எழுதுங்க.”

ஆகவே காலுக்கு ஒரே ஒரு வரி. சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஏறி வலது முழங்கால் நசுங்கியது. சமதரையில் நடப்பாள், சரிவில் முடியாது.

மேல் டிவிஷன் லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, டவுனுக்கு இரண்டு வழிகள். ஒன்று, தோட்ட ரோட்டு. அந்த ரோட்டில் ஓடைக்கு மேலே ஒரு பாலம் இருந்தது. வெள்ளத்தில் போனது, திரும்ப வரவில்லை. இப்போது அங்கே ஆட்டோவும் வராது. மற்றது, அரச காட்டுக்குள் இறங்கும் குறுக்குப் பாதை. கொழுந்து எடுக்கிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் பிள்ளை பெறப் போனவர்களும் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பிறகு காட்டுக்குப் பொறுப்பான ஓர் அலுவலகம் கீழே கேட் போட்டது, டிக்கெட் வைத்தது, இயற்கைப் பாதை என்று பெயரும் வைத்தது. மோட்டார் வாகனங்களுக்குத் தடை என்று பலகையும் நட்டது.

துஷ்யந்தியின் கணவன் கிருஷ்ணராஜ் கொழும்பில் பெட்டரி சைக்கிளில் சாப்பாடு விநியோகிக்கிறான். புதியதொன்று வாங்கியபோது பழையதை ஊருக்கு அனுப்பினான். அது வந்த பிறகுதான் துஷ்யந்தி பாமசியில் வேலைக்குச் சேர்ந்தாள். மெதுவாக மிதித்தாலே மோட்டார் மீதியைப் பார்த்துக்கொள்ளும். யாருடைய கையையும் பிடிக்காமல் ஓரிடத்துக்குப் போய் வந்தது அதுதான் முதல் தடவை என்றாள். சாயங்காலம் திரும்பும்போது லயத்துக்காரர்களின் சீனி வியாதி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அவளுடைய பையில் மேலே ஏறும்.

இதுவரைக்கும் இது சந்தோஷமான கதை. இங்கேயே நிறுத்தியிருந்தால் ஏதாவது ஒரு பத்திரிகை பெண்கள் பக்கத்தில் போட்டிருக்கும்.

3

பிறகு கம்பெனி வந்தது. வெளியூர்க்காரர்களைப் பெட்டரி சைக்கிளில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டும் கம்பெனி. மோட்டார் வாகனத்துக்குத் தடை என்று பலகை இருக்கிறதே என்று அலுவலகம் கேட்டிருக்கிறது. காலால் மிதிக்கிறபடியால் இது சைக்கிள், புகையில்லை, சத்தமில்லை என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அலுவலகம் ஒத்துக்கொண்டது.*

[* இந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. சைக்கிள்தான். புகையும் இல்லைதான். இந்த வாதம் துஷ்யந்திக்கும் பொருந்தும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.]

சத்தமில்லாமல் வந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை, விறகுக் கட்டைத் தலையில் வைத்து ஏறிக்கொண்டிருந்த ஜெயம்மாவை, வளைவில் இறங்கி வந்த கம்பெனிச் சைக்கிள் ஒன்று இடித்துத் தள்ளியது. ஓட்டி வந்தவன் கொழும்பு இளைஞன். விழுந்தவருக்கு மணிக்கட்டு உடைந்தது. இளைஞன் மன்னிப்புக் கேட்டானாம். கூட வந்த வழிகாட்டிதான் சிங்களத்தில் கேட்டிருக்கிறான், ஏன் ட்ரக்கில் வந்தீர்கள் என்று. (சைக்கிள் ஓடும் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் ட்ரக்.)

ஏன் ட்ரக்கில் வந்தீர்கள்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் நடக்கிற பெண்ணிடம், அதற்குள் ஏன் வந்தாய் என்று, போன வருஷம் வந்தவன் கேட்கிறான்.

ஜெயம்மா யார் என்று சொல்லவில்லை. அவர் கிருஷ்ணராஜின் அம்மா, துஷ்யந்தியின் மாமியார். இடிபட்டவரும் சைக்கிள்காரியும் லயத்தின் ஒரே அறையில், ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஜெயம்மா மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரம் என்ற வகையில் சொல்கிறேன்.

விபத்துக்குப் பிறகு அலுவலகம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டது. என் முதல் பிரதியில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஜெயம்மா எழுந்து, ‘எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, என் மருமகளின் சைக்கிளை மட்டும்...’

பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அழகான பொய்யாக எனக்கே இனித்தது. கூட்டத்துக்குப் போனவர்கள் சொன்னது வேறு.

ஜெயம்மா எல்லாச் சைக்கிளையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மோட்டார் பைக் என்றால் சத்தம் கேட்டு ஒதுங்கிவிடுவேன், இது ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுகிறது என்றிருக்கிறார். மழைக்காலத்தில் சக்கரம் போன தடத்தில் மண் அறுத்துக்கொண்டு போவதையும் காட்டியிருக்கிறார். மருமகளின் சைக்கிளையுமா என்று அதிகாரி கேட்டார்.

“அதையுந்தாங்க. அது மட்டும் பஞ்சுலயா செஞ்சிருக்கு?”

மண்டபத்தில் சிரித்தார்களாம். துஷ்யந்தி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“அத்தை சொல்றது நியாயந்தான் சேர். என் சைக்கிளையும் நிப்பாட்டுங்க. அதுக்கு முன்னுக்கு பாலத்த கட்டித் தாங்க.”

பாலம் தங்கள் அலுவலகத்துக்கு உரியதல்ல என்று அதிகாரி சொன்னார். அதுவும் உண்மைதான். யாருக்கு உரியது என்று நான் விசாரித்தேன். தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டியது. சபை தோட்டத்தைக் காட்டியது. (எங்கள் ஆட்களின் விஷயத்தில் இந்தக் கை காட்டுதல் எப்போதும் பிசகியதே இல்லை.)

இரண்டு வாரத்தில் கேட்டருகே புதிய பலகை வந்தது. டிக்கெட் எடுத்து, வழிகாட்டியோடு, தலைக்கவசம் போட்டு வரும் பெட்டரி சைக்கிள்களுக்கு அனுமதி. குடியிருப்பாளர்களின் பெட்டரி சைக்கிள்கள் மோட்டாரை அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கக்கூடிய ஒருத்திக்கு அந்தச் சைக்கிள் எதற்கு? இந்த விதியை எழுதிய மனிதர் பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். தேயிலை எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்க வேண்டும்போல இருக்கிறது. கேட்டால் கதை பிரசங்கமாகிவிடும். கேட்கவில்லை. கேட்டுவிட்டேன்.

5

இனி நான் கண்ணால் கண்டது. பலகை வந்த பிறகு நாலைந்து நாள் வேலைக்கு வராமலிருந்த துஷ்யந்தி, சனிக்கிழமை இறங்கிப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் கீழே கேட்டருகே போய் நின்றேன்.

முதலில் ஜெயம்மாவின் குரல் கேட்டது. வளைவுக்கு வளைவு அவர் முன்னால் வந்து, “வண்டி வருது, ஒதுங்குங்க,” என்று காட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு நின்றார். அதன் பிறகு துஷ்யந்தியின் சைக்கிள் ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கியது. தடை கேட்ட மாமியார், தடைசெய்யப்பட்ட சைக்கிளுக்கு மணியாக வந்தார். நீங்களே நிறுத்தச் சொன்னீர்களே என்று பிறகு கேட்டேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன், அதற்காக அவள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்றார். இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க அவருக்குச் சிரமமில்லை. எனக்குத்தான் பத்தி பிரிக்க வேண்டியிருக்கிறது.

கேட்டில் காவலாளி சுமனவீர நின்றார். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், துஷ்யந்தியை நன்றாகத் தெரியும். யாரோ உங்களைப் போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள், கண்டால் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து இறங்குங்கள் என்றார். குரலில் அதட்டல் இல்லை. துஷ்யந்தி இறங்கினாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓரடி வைத்தாள், முழங்கால் மடங்கியது. ஜெயம்மா நல்ல கையால் சீட்டைப் பிடித்தார். மாவுக்கட்டும் நசுங்கிய காலும் சேர்ந்து ஒரு சைக்கிளைத் தள்ளின.

அதே நேரம் கம்பெனியின் கூட்டம் கேட்டுக்குள் நுழைந்தது. பளபளக்கும் தலைக்கவசங்கள். முன்னால் அதே வழிகாட்டி.

ஜெயம்மா சீட்டை விட்டார். பாதையின் நடுவில் போய் உட்கார்ந்தார்.

வழிகாட்டி சிங்களத்தில் எழும்பச் சொன்னான். ஜெயம்மாவும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார், அவனைவிட நிதானமாக. என் மருமகள் இறங்கித் தள்ளுகிறாள், நீங்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், நான் வழி விடுகிறேன் என்றார். எங்களிடம் டிக்கெட் இருக்கிறது என்றான். ஜெயம்மா சேலையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்த ஒரு பெண் சைக்கிளை விட்டு இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். தள்ளிக்கொண்டு ஜெயம்மாவைச் சுற்றி மேலே நடந்தாள். வேறு யாரும் இறங்கவில்லை. வழிகாட்டி அதிகாரிக்குப் போன் எடுத்தான். பொலிசைக் கூப்பிடலாம் என்றால், மோட்டார் வாகனம் உள்ளே வர முடியாதே. அவன் அதை யோசித்ததை நான் முகத்தில் பார்த்தேன்.

துஷ்யந்தி மாமியாரின் பக்கத்தில் வந்து நின்றாள். உட்கார்ந்தால் அவளால் தனியாக எழும்ப முடியாது. நின்றாள்.

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் வந்தன.

முதலாவதில், சுமனவீர தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களோடு சேர்ந்து... அந்த மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருடைய வேலையை என் கதைக்காகப் பறிக்க மாட்டேன்.

இரண்டாவதில், இறங்கி நடந்த பெண் இதைப் படம் பிடித்துப் போட, நாடே பார்த்து, பாலம் கட்டப்படுகிறது. எங்கள் பக்கம் படம் பிடிக்கப்படாததாலா இதெல்லாம் நடக்கவில்லை? மலையகத்து மண்சரிவு முதல் எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள்.

மூன்றாவது முடிவு நிஜமாக நடந்தது. அன்று கூட்டம் திரும்பிப் போனது. அடுத்த வாரம் அதிகாரி வந்து பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை நட்டார். எல்லாப் பெட்டரி சைக்கிள்களுக்கும் தடை. கம்பெனிக்கும் தடை, துஷ்யந்திக்கும் தடை. சட்டம் எல்லோருக்கும் சமம் என்று அவர் சொன்னபோது அதில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. கம்பெனி தன் சைக்கிள்களை லொறியில் ஏற்றி வேறொரு காட்டுக்குக் கொண்டுபோனது. துஷ்யந்திக்கு வேறொரு காடு இல்லை.

நான் மேலே போனேன். ஜெயம்மா ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“நான் கேட்டது கெடச்சிருச்சுங்க,” என்றார். களைந்த தண்ணீரை ஊற்றினார்.

துஷ்யந்தி பேசினாள். கோபமாகத்தான் பேசினாள், மாமியார் மேல் இல்லை. காட்டுக்கு நல்லது என்றால் தடை இருக்கட்டும், ஆனால் நடக்க முடியாதவர்களுக்கு மெதுவாகப் போக ஒரு விலக்குக் கொடுத்தால் காடு செத்துவிடுமா என்று கேட்டாள். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள். எழுதுகிறவரிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

“அத்த சனிக்கெழம உக்காந்தாங்க. திங்கக்கெழம நான் போய்ப் பேசப் போறேன். விலக்கு குடுங்க, இல்லாட்டி வழி குடுங்க. ரெண்டும் இல்லன்னு எழுதித் தரச் சொல்லுவேன்.”

அலுவலகம் டவுனில் இருக்கிறது. அங்கே எப்படிப் போவாய் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். ஜெயம்மா களைந்த அரிசியை மறுபடி களைந்தார்.

7

முடிவு என்ற பெயரில் ஒரு தடைப் பலகையை உங்களிடம் நீட்ட எனக்கு மனமில்லை. காட்டுப் பாதையில் பெட்டரி சைக்கிள் போகலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். ஆகவே கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன்:

‘திங்கட்கிழமை காலை துஷ்யந்தி மேல் டிவிஷனிலிருந்து புறப்பட்டு,

எழுவாயை நான் தந்துவிட்டேன். வினையை நீங்கள் போடுங்கள். ஏறி, மிதித்து, தள்ளி, நடந்து, எது வேண்டுமானாலும். எனக்கு ஒரே நிபந்தனைதான். அவள் போய்ச் சேர வேண்டும்.