‘லோரி ராஜா’வுக்கு இரண்டு நட்சத்திரம்

1

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். ‘லோரி ராஜா’ என்ற கைப்பேசிப் பந்தய விளையாட்டுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நட்சத்திரம் கொடுத்த எண்பத்து மூன்று பேரில் நானும் ஒருவன். அந்த விளையாட்டை நான் ஆடியதே இல்லை. வாங்கினேன், திறந்தேன், ஒரு லோரி உறுமியது, மூடிவிட்டேன். நட்சத்திரம் போட அவ்வளவு போதும் என்று ஐலீன் ஆண்ட்டி சொல்லியிருந்தார்.

ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில், எங்கள் தேவாலயப் பங்கில், ஐலீன் ஆண்ட்டி சொன்னால் மறுபேச்சு கிடையாது. விளையாட்டை உருவாக்கிய கால்வின் அவருடைய மகன். என் பொய் நட்சத்திரத்தால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். (ஆண்ட்டி இதை வாசிக்க மாட்டார். வாசிக்காமலேயே ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். அதனால் தைரியமாகத் தொடர்கிறேன்.)

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

“ஜொகூர் பாருவின் வானம் அன்று சாம்பல் நிறத்தில்…” (வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதையை நானே வாசிப்பதில்லை.)

“கால்வின் என்ற இளைஞனுக்கு ஒரு கனவு…” (கால்வினுக்கு முப்பத்தாறு வயது. கனவோடு முதுகுவலியும் இருந்தது.)

“ஃபெலிசியாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.” இது நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. திருத்திக்கொள்கிறேன்: ஃபெலிசியா வீட்டில் மட்டும் பொய் சொல்வாள்.

ஃபெலிசியா கால்வினின் மனைவி. சிங்கப்பூரில், காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனை அவள் வேலை. நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்து, எந்த இடத்தில், எத்தனை முறை, எப்படி என்று சீட்டு எழுதி ஒட்டுவாள். அந்தத் தளத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய கீறல் இல்லை என்று பேர். வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவில். சிங்கப்பூரை இணைக்கும் ஜொகூர் பாலத்து நெரிசலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் கால்வின் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவான்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

காலணியைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். வங்கியில் கணினி வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாக அவன் நடு அறையில் தனியாக உட்கார்ந்து அந்த விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அந்த முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம்.

3

விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி. (அவசரக்காரர்கள் தாண்டலாம். நான் தாண்டியதன் விளைவுதான் மேலே இருக்கிறது.)

பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் தோட்டத்துச் செம்மண் சாலையில் பந்தயம் ஓடும். சாலையில் கிடக்கும் டுரியான் பழத்தை நசுக்கினால் வேகம் கூடும். வளைவில் சாய்ந்தால் குலைகள் கொட்டும், புள்ளிகள் போகும். மூன்றாவது வளைவில் எல்லோரும் கவிழ்வார்கள்.

வெளிவந்த முதல் மாதத்தில் சிங்கப்பூர் இணையத்தளம் ஒன்று பத்துக்கு ஆறு கொடுத்து, “நிறங்கள் அழகு, பிரேக்கைத்தான் காணோம்” என்றது. கோலாலம்பூர்ப் பையன்கள் இருவர் லோரி பறப்பதைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் சிரித்துக் காணொளி போட்டார்கள். விற்பனை நூற்று முப்பத்தொன்று. அவற்றில் ஒன்று ஃபெலிசியா வாங்கியது. அது கால்வினுக்குத் தெரியாது.

4

மகன் முகம் வாடினால் தாய் சும்மா இருப்பாளா? மாதக் கடைசி ஞாயிறு, திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் ஐலீன் ஆண்ட்டி ஒலிவாங்கியைப் பிடித்தார். கல்லறைத் தோட்டம் துப்புரவு, பாடகர் குழு ஒத்திகை, அதற்கடுத்து:

“கால்வின் நம்ம பிள்ள. ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. என்ன எழுதறதுன்னு யோசிக்க வேணாம். நான் வாட்ஸ்அப்ல அனுப்புறேன், அப்படியே ஒட்டுங்க, போதும்.”

ஒட்டினோம். “அருமையான விளையாட்டு. குடும்பத்தோடு ஆடலாம். இறைவன் கால்வினை ஆசீர்வதிப்பாராக.” எண்பத்து இரண்டு பேர் இதையே போட்டோம். பதினொரு பேர் அதற்கு மேலிருந்த “கீழே உள்ளதை அப்படியே போடவும்” என்பதையும் சேர்த்துப் போட்டார்கள். பிரெட்ரிக் அங்கிள் மட்டும் சொந்தமாக எழுதினார்: “நல்ல சாப்பாடு. மீண்டும் வருவோம்.” (ஏதோ உணவகத்துக்குப் போட்ட பழக்கம் என்று பிறகு விளக்கினார்.)

எண்பத்து மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே மணி நேரம், ஆளுக்கு இரண்டு நிமிட ஆட்டம். விளையாட்டை விற்கும் இணையக்கடை அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் போலி என்று துடைத்துப் போட்டது. கால்வினுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. ஆண்ட்டி எங்களைப் பார்த்து, “நீங்க மனசார போடல” என்றார்.

5

துடைத்தபின் ஒரே ஒரு விமர்சனம் மிஞ்சியது. எழுதியவர் பெயர் ‘ஜன்னல்சீட்’. ஆடிய நேரம் அறுபத்தொரு மணி. ஆங்கிலமும் மலாயும் கலந்திருந்ததைத் தமிழில் தருகிறேன்:

“மூன்றாவது வளைவில் நாற்பத்தேழு முறை கவிழ்ந்தேன். பிரேக்கை அழுத்தியபின் லோரி ஒரு விநாடி யோசிக்கிறது. அதனால் ஒரு விநாடி முன்பே அழுத்தப் பழகிக்கொண்டேன், இருந்தும் பத்துக்கு ஏழு முறை கவிழ்கிறது. குலை கொட்டும் சத்தம் பிளாஸ்டிக் வாளிச் சத்தம். மழை பெய்யும் கட்டம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு நட்சத்திரம். நாளைக்கும் ஆடுவேன்.”

ஜன்னல்சீட் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மர்மம் வைக்க நான் துப்பறியும் கதைக்காரன் இல்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கட்டிய மனைவி இப்படிச் செய்வாளா? இரண்டு நாள் இந்தப் பகுதியை எழுதாமல் விட்டேன். பிறகு அவளைப் பேருந்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பாலத்தில் வண்டி நகரவில்லை. கணவன் செய்ததை ஒரு தடவையாவது ஆட வேண்டுமே என்று தொடங்கினாள். முதல் வாரம் எரிச்சல். இரண்டாவது வாரம் ரோஷம். மூன்றாவது வாரம் பேருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வருத்தப்பட்டாள். மூன்று வாரம் கையில் வைத்துச் சோதித்த பொருளுக்குச் சீட்டு எழுதாமல் விட அவளால் முடியவில்லை. எண்பத்து மூன்று ஐந்து நட்சத்திரங்களுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் புதன்கிழமை எழுதிப் போட்டாள். அரிசி மூட்டைக்குள் ஒரு கல். சனிக்கிழமை மூட்டையைக் கொட்டிவிட்டார்கள், கல் மட்டும் தட்டில் கிடந்தது.

ஆக, எண்பத்து மூன்று பேர் செய்தது பொய், அவள் ஒருத்தி செய்தது உண்மை. ஒளிய வேண்டிவந்தது அவளுக்குத்தான்.

6

“அலமாக்! அறுபத்தியோரு மணி நேரம் வெளையாண்டுட்டு ரெண்டு ஸ்டார் போடுறான் பாரு! பிடிக்கலன்னா மூடிட்டுப் போக வேண்டியதுதான லா!”

கால்வின் நடு அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஃபெலிசியா காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“பிடிக்காமலா அத்தன மணி நேரம் ஆடுவாங்க?”

“நீ அவன் பக்கமா?”

“அவன்னு எப்படித் தெரியும்?” கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கவனிக்கவில்லை.

அந்த வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. சிரித்துக் காணொளி போட்ட அதே கோலாலம்பூர்ப் பையன்கள் ஜன்னல்சீட்டின் விமர்சனத்தைச் சத்தமாக வாசித்து இன்னொன்று போட்டார்கள். ‘நாளைக்கும் ஆடுவேன்’ என்பது இளவட்டங்களிடையே ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அந்த மூன்றாவது வளைவை ஒரு கை பார்க்கலாம் என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். பத்து நாளில் ஆறாயிரம் பிரதி. ஜெபத்தால் விற்காதது குறையால் விற்றது. (இந்த வரியைப் பாதிரியார் பார்த்தால் நீக்கச் சொல்வார். அவர் பார்க்கும்வரை இருக்கட்டும்.)

கால்வினின் கோபம் கரைந்தது. பிரேக் யோசிக்கும் அந்த ஒரு விநாடியைத் தேடிப் பத்து நாளும் உட்கார்ந்தான். ஒரு மாலை சொன்னான்:

“ஃபெலி, ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் காட்டினேன். எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. இந்த ஒரு ஆளுதான் என் வேலைய மதிச்சு குறை சொல்லியிருக்கான்.”

“அப்ப நானு?”

“நீ வேற லா. நீ எதக் காட்டினாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவ.” சிரித்துக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னான்.

அவளுக்கு வலித்தது. ‘நான்தான் அது’ என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும்? இரண்டு வருடத்து ‘நல்லா இருக்கு’களை அவன் ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்ப்பான். இசை, பெயர், முடிவெட்டு எல்லாம் போகட்டும். கடைசியில் ஒரு நாளுக்குப் போய்ச் சேர்வான். “வேலைய விட்டுரட்டுமா?” என்று அவன் கேட்ட நாள். “நல்லா இருக்கும்” என்று அவள் சொன்ன நாள். அது பொய்யா, மெய்யா? அவளுக்கே தெரியவில்லை. அதனால்தான் பயந்தாள்.

7

முடிவுகள். நான்கு எழுதி மூன்றைக் கிழித்தேன்.

பாலத்து நெரிசலில் அவள் உண்மையைச் சொல்கிறாள், அவன் விழுந்து விழுந்து சிரிக்… (கிழித்தேன். எந்தக் கணவன் உடனே சிரிப்பான்?)

கால்வினுக்கு முதலிலிருந்தே தெரியும், ஜன்னல்சீட் ஆடிய நேரமும் பேருந்து நேரமும் ஒன்றாக இருந்ததைக் கண்டுபிடித்து… (வாசிக்க இனிக்கும். ஆனால் அப்படியென்றால் அவன் நடித்திருக்கிறான். இந்த வீட்டுக்கு ஒரு நடிகை போதும்.)

ஐலீன் ஆண்ட்டி கண்டுபிடித்து… (திருப்பலிக்குப் பிறகு அறிவித்துவிடுவார். ஃபெலிசியாவின்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது.)

கிழிக்காததை எழுதுகிறேன்.

8

ஞாயிறு மதியம். சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கால்வின் கைப்பேசியை நீட்டினான். பிரேக்கைச் சரிசெய்த புதிய பதிப்பு அதில் இருந்தது.

“கேம் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கையில எப்படிப் போகுதுன்னு பார்க்கணும். நீதான் அதுக்குச் சரியான ஆளு.”

முதல் வளைவிலேயே கவிழ்ந்துவிடுவது என்று ஃபெலிசியா முடிவு செய்தாள். இன்னொரு சின்னப் பொய், கடைசிப் பொய். லோரி கிளம்பியது. முதல் வளைவு வந்தது. கட்டைவிரல் அவளைக் கேட்கவில்லை. அது தானாக நகர்ந்தது, லோரி ஒரு குலையும் கொட்டாமல் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. ஒரு டுரியானைக்கூட விடாமல் நசுக்கினாள்.

மூன்றாவது வளைவுக்கு முன், பழக்கத்தில், ஒரு விநாடி முன்பே பிரேக்கை அழுத்தினாள். இப்போது பிரேக் யோசிக்கவில்லை, உடனே பிடித்தது. வளைவுக்கு வெகு முன்னால், நடுச்சாலையில், லோரி அசையாமல் நின்றது. பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்தன.

பழைய லோரியை வாரக்கணக்கில் ஓட்டாத எவரும் அந்த இடத்தில் பிரேக் அழுத்த மாட்டார்கள். அந்த ஒரு விநாடியோடு பத்து நாள் வாழ்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவன் திரையைப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு?” என்றான். எப்போதும் கேட்கும் குரலில்லை.

ஃபெலிசியா கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

“உக்காரு கால்வின். சொல்றேன்.”

அவன் உட்கார்ந்தான். அவள் குலை கொட்டும் சத்தத்தில் தொடங்கினாள், இசைக்குப் போனாள், பெயருக்குப் போனாள். வேலையை விட்ட நாள்வரை போனாள். அவள் சொன்னதையெல்லாம் என்னால் எழுத முடியும். கேட்டுக்கொண்டிருந்த அவன் முகத்தை மட்டும் எழுத வரவில்லை. ஏழு முறை எழுதி ஏழையும் அடித்துவிட்டேன்.

அதை நீங்கள்தான் எழுத வேண்டும். இன்று உங்களிடமும் யாராவது ‘நல்லா இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள், குழம்புக்கோ சட்டைக்கோ நீங்கள் எடுத்த பெரிய முடிவுக்கோ. எழுந்து போய் அவரிடம் “உண்மையாவா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஓடிவராமல் பதில் வரும்வரை நில்லுங்கள். அப்போது உங்கள் முகம் எப்படி ஆகிறது என்று பார்த்து, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: