இரண்டு வருஷக் கெடு

அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கைரேகை பார்ப்பவரல்ல, நிரல் எழுதிப் பிழைப்பவர். ஆனால் ஆஹா ஓஹோ என்று வந்த மூன்று கணினி மொழிகளுக்கு, இத்தனை நாள்தான் தாங்கும் என்று அவர் குறித்த கெடு அப்படியே பலித்துவிட்டது. அதிலிருந்து எது புதிதாக வந்தாலும் மேலாளர் அவர் வாயைத்தான் பார்ப்பார். அவருக்கும் அந்த வாய் சும்மா இருக்காது.

இந்தத் தடவை புது மொழிக்காக வாதாடியவள் எதிர் வரிசைப் பெண். வக்கீல் என்று அவளுக்குப் பட்டம் கட்டியதும் இவர்தான். மருந்துக்கடைகளின் சரக்கிருப்பைப் பார்க்கும் மென்பொருளை அந்த மொழியில் எழுதலாம் என்று, தன் விடுமுறை நாட்களையெல்லாம் கொட்டி ஒரு முன்மாதிரியே செய்துவந்து கூட்டத்தில் ஓட்டிக் காட்டினாள். பழையதைவிட வேகமாகத்தான் ஓடியது. மேலாளர் தலையசைத்தால் வேலைக்கு அவளே பொறுப்பு, அதுவும் முதல் தடவையாக.

மேலாளர் ஜோசியரைத் திரும்பிப் பார்த்தார்.

"புது மாப்பிள்ளை மாதிரி ஜோராத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் போகட்டும், இது தெரிஞ்ச ஆளைத் தேடி நாம தெருத்தெருவா அலைவோம். வக்கீலம்மா அதுக்குள்ள வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க."

அறையே சிரித்தது. அவள் மடிக்கணினியை மூடினாள். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

உண்மை என்னவென்றால், கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு மனுஷன் அதே மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவி கேட்டால் ஆபீஸ் வேலை. எதை எழுதினாலும், நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மாற்றித்தரும் கம்பைலர் முகத்தில் அடித்தாற்போல் பிழை காட்டியது. அந்த மொழி அலுவலகத்துக்குள் வந்தால் இவர் குட்டு உடையும், எதிர் வரிசைப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டிவரும். கெடு குறித்தது அதற்குத்தான். போதாக்குறைக்கு, இணையத்தில் அந்த மொழிக்காரர்கள் கூடும் ஃபோரத்தில் பொய்ப்பெயரில் போய்ச் சந்தேகம் வேறு கேட்டு வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் சலிக்காமல், கேலி பேசாமல், வரிவரியாகத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனவரிடம் அவள் வந்தாள்.

"அண்ணா, ஃபோரத்துல நீங்க கேட்டதுக்குப் பதில் போட்டிருக்கேன். பாத்தீங்களா?"

"எந்த ஃபோரம்?"

"மச்சான் ஒண்ணு, மச்சான் ரெண்டுன்னு வேரியபிளுக்குப் பேர் வைக்கிறவங்க உங்களைத் தவிர யாருண்ணா இருக்காங்க?"

நிரலில் தற்காலிகமாகத் தேவைப்படும் மாறிகளுக்கெல்லாம் மச்சான் என்று பெயர் வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். ஃபோரத்தில் ஊரையும் பேரையும் மாற்றியவர் அதை மாற்ற மறந்திருந்தார். தண்ணீர் நிரம்பி வழிந்து சட்டைக்கையை நனைத்தது.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே. அதை விடுங்க. இந்த மொழி நிலைக்குமான்னு எனக்கும் தெரியாதுண்ணா. ரெண்டு வருஷத்துல காணாமப் போனாலும் போகலாம். நீங்க நெஜமாவே அப்படி நினைச்சுச் சொல்லியிருந்தா எனக்கு வருத்தமே இல்ல."

நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பாட்டிலைக்கூட மூடாமல் நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், நான் சொன்னதை எடுத்துக்காதீங்க. எனக்கு அந்த மொழி வரல. ரகசியமா முயற்சி பண்ணிப் பாத்தேன், சுத்தமா வரல. அந்த எரிச்சல்ல பேசிட்டேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கே வரலையா? அப்ப நம்ம ஆளுங்க யாருக்கு வரப்போகுது? நல்லவேளை சொன்னீங்க. நான்கூட அந்தப் பொண்ணு கேட்டதைக் குடுத்துரலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன். இனி அந்தப் பேச்சே வேண்டாம்."

அவளுக்கு வந்ததே, கோளாறு என்னிடம்தானே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த 'உங்களுக்கே' உள்ளே போய்த் தித்தித்தது. தித்தித்து முடிவதற்குள் மேலாளர் யாருக்கோ ஃபோன் போட்டுவிட்டார்.

வெளியே அவள் நின்றிருந்தாள்.

"சாரைப் பாத்துச் சொன்னீங்களாண்ணா?"

"சொல்லிட்டேம்மா."

"தேங்க்ஸ்ண்ணா" என்றாள் மனசார. அவருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.