நின்ற வண்டிக்கு ஒரு பீடம்

விடாமுயற்சியைப் பற்றி அண்ணனால் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அரை நாள் பேச முடியும். கேட்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுவார்கள். அப்பா விட்டுச்சென்ற இடத்தின் முன்பகுதியில் அவர் தன்னம்பிக்கைப் பயிற்சி நிலையம் நடத்திவந்தார். அங்கே வருகிறவர்களுக்கு அவர் ‘ஊக்கம் சார்’. பின்பகுதியில் இருந்த சின்ன வீட்டில் தங்கை குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். கையைத் தூக்க முடியாதவர்களைத் தூக்க வைப்பதும், இனி நடையில்லை என்று படுத்துவிட்டவர்களை நடக்க வைப்பதும் அவள் தினசரி வேலை. அதற்கு அவளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

இரண்டு பகுதிக்கும் நடுவே, தகர ஷெட்டில் அப்பாவின் கார் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். அப்பா போன பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. டயர்கள் தரையோடு சப்பி உட்கார்ந்துவிட்டன. பின்சீட்டில் ஒரு பூனை பிள்ளை பெற்று, வளர்த்து, ஆளாக்கி அனுப்பிவிட்டுத் தானும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட காரின் மேல் அண்ணனுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. நிலையத்தின் வாசலில் பீடம் கட்டி, காருக்குத் தங்க நிறம் அடித்து அதன்மேல் ஏற்றி, கீழே ‘விடாமுயற்சி’ என்று கல்லில் பொறிப்பதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பதவியில் இருந்தபோது வாயைத் திறக்காதவர்; அந்தப் பாக்கியை இப்போது மேடை மேடையாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் பீடத்தையும், அதில் ஏறச் சரிவையும், முன்விளிம்பில் சக்கரம் தாண்டாமலிருக்க ஒரு திண்டையும் கட்டி முடித்துவிட்டார். என்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் பாக்கி.

விஷயம் தெரிந்ததும் தங்கை நேராக வகுப்புக்குள்ளேயே போய்விட்டாள்.

“என்ஜினை எதுக்குண்ணா கழட்டணும்?”

“பாரம் குறையும்ல. உள்ள என்ன இருக்குன்னு யாரும்மா திறந்து பாக்கப் போறாங்க?”

“உள்ள இருக்கறதுதான் முக்கியம்னு இப்பதானே இவங்களுக்குச் சொல்லிட்டிருந்தீங்க. வாசல்ல நின்னு கேட்டேன்.”

நாற்காலி வரிசையில் யாரோ இருமினார்கள்.

“அப்பா காரைப் பொம்மையாக்க வேணாம்ணா. எனக்குக் குடுங்க. நான் ஓட்டிக்கறேன்.”

அவளுக்கு அந்தக் கார்மேல் ஒரு கணக்கு இருந்தது. சின்ன வயதில் கார் வழியில் நின்றால் அப்பா இறங்கி பானெட்டைத் திறப்பார். மூத்தவன் என்பதால் அண்ணன் ஸ்டீயரிங்கில் உட்காருவார். அம்மாவும் அவளும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். கார் கிளம்பியதும் “நான்தான் ஓட்டினேன்” என்பார் அண்ணன். அந்தக் காரை அவள் முதுகு அறிந்த அளவுக்குக் கை அறியாது. லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். ஒரு தடவையாவது முன்னால் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் அவையின் பக்கம் திரும்பினார். அவை இருந்தால் அவருக்குத் தங்கை கண்ணுக்குத் தெரியாது.

“பாருங்க, இதுக்குப் பேர்தான் வெறும் ஆசை. ஆசை வேற, முயற்சி வேற. நான் ஒரு சவால் விடறேன். ஞாயித்துக்கிழமை விழா முடியறதுக்குள்ள இந்தக் கார் தன் சொந்தக் கால்ல நம்ம கேட்டைத் தாண்டிடுச்சுன்னா, கார் என் தங்கைக்கு. தாண்டலேன்னா, பீடத்துக்கு!”

கைதட்டல் அதிர்ந்தது. “சரிண்ணா” என்றாள் தங்கை. கைதட்டினவர்களையெல்லாம் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் ‘என்ஜின் டாக்டர்’ என்று போர்டு வைத்திருக்கும் மெக்கானிக்கை அவள் வீட்டுக்காரர் கூட்டிவந்தார். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்து, தெரிந்தே கட்டிக்கொண்டவர். டாக்டர் என்ஜினின் முன்பக்கத்து நட்டில் ஸ்பானரை மாட்டி, காலை ஊன்றி இழுத்தார். ஸ்பானர்தான் வழுக்கியது. விரல் முட்டியை உதறிக்கொண்டே நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில் சொன்னார்.

“ஜாம் ஆயிடுச்சுக்கா. பிஸ்டன் போய் சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. கஷ்டம். வேணும்னா பெரிய சுத்தியலால ஒரு போடு போட்டுப் பாக்கலாம். வந்தா வரும், இல்லேன்னா உடையும்.”

“எங்க ஆஸ்பத்திரிக்குத் தோள்பட்டை இறுகிப்போய் மாசக்கணக்கா கை தூக்காதவங்க வர்றாங்க. நாங்க சுத்தியல் எடுக்கறதில்ல.”

“அது மனுஷங்கக்கா.”

“இதுவும் எங்க வீட்டு ஆளுதான். எண்ணெய் போட்டு ஊற வச்சா இளகாதா?”

டாக்டர் யோசித்தார். “இளகலாம். ஆனா அதுக்குப் பொறுமை வேணும். அது என் கடையில இல்ல” என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பிளக்குகளைக் கழற்றினார்கள். டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து, பெரிய ஊசிக்குழலில் உறிஞ்சி, ஒவ்வொரு பிளக் ஓட்டைக்குள்ளும் செலுத்தினாள். ராத்திரிக்குள் எண்ணெய் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பிஸ்டனைச் சுற்றி எங்கேயோ வழி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஊற்றினாள். சைக்கிள் பம்பால் வீட்டுக்காரர் டயர்களுக்குக் காற்றடித்தார். டயர்களுக்கு ஏறியதைவிட அவருக்கு மூச்சு வாங்கியதுதான் அதிகம்.

பிறகு சிகிச்சை. காரை டாப் கியரில் போட்டுவிட்டு இருவரும் முன்னாலிருந்து ஒரு தள்ளு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. கியரில் இருப்பதால் சக்கரம் உருள என்ஜினும் சுற்றியாக வேண்டும். என்ஜினோ மாட்டேன் என்றது. கார் மூக்கை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

“மெதுவா. அவ்வளவுதான். போதும், விடுங்க. மூச்சு வாங்கிக்கோங்க. மறுபடி.”

“என்கிட்ட சொல்றியா, வண்டிகிட்ட சொல்றியா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை. முன்பக்கத்துப் புல்லியிலிருந்து என்ஜின் உடம்புவரை நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தாள். புல்லி நகர்ந்தால் கோடு உடையும். கோடு உடையவில்லை. அண்ணன் தன் மாணவர்களை ஷெட் பக்கம் அழைத்துவந்து காட்டினார்.

“கவனிங்க. இதுதான் தவறான திசையில் முயற்சி. குறிச்சுக்கோங்க.”

அவர்கள் குறித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. “ஒரே ஒரு அடி, சுத்தியலால...” என்று ஆரம்பித்தார்.

“வண்டியையா, அண்ணனையா?”

“வரிசையா.”

“ரெண்டும் வேணாம். தள்ளுங்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தள்ளும்போது உள்ளே எங்கோ சொடக்கு எடுத்த மாதிரி ஒரு சத்தம். அவள் கோட்டைப் பார்த்தாள். பார்வைமேல் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

“ஏங்க, உங்க பூதக்கண்ணாடியைப் போட்டுப் பாருங்க.”

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “நகந்திருக்கு. மயிரிழை.”

“போதும். ஒரு இழை வந்தா முழுக் கையும் வரும்” என்றாள். மறுபக்கம் போய்ப் பின்னோக்கித் தள்ளினாள். மயிரிழை நகத்தளவாயிற்று, நகம் விரலாயிற்று. இருட்டுவதற்குள் மின்விசிறிபோல் முன்னால் இருந்த இறக்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. வீட்டுக்காரர் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த அணைப்பின் விலை சட்டையைத் துவைத்தவருக்குத்தான் தெரியும். துவைத்தவரும் அவர்தான்.

சனிக்கிழமை, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் என்ஜின்மேல் இருந்த குழாய் மூடி வழியாக ஒழுகியது. ஒழுகாமலிருக்க நடுவில் வைத்திருந்த அட்டை மக்கிப்போயிருந்தது. வேறு தடிமனான அட்டை தேடியபோது கையில் கிடைத்தது, அதிகாரி படமும் அண்ணன் படமும் போட்ட விழா அழைப்பிதழ். கருத்தில் எப்படியோ, கனத்தில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை மூடியின்மேல் வைத்து, விளிம்போரமாகச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டி, கிரீஸ் தடவி மாட்டினாள். அதிகாரியின் நெற்றியில் ஒரு போல்ட், அண்ணனின் காதில் ஒரு போல்ட். தண்ணீர் போகும் வட்டம் சரியாக அண்ணனின் வாயில் அமைந்தது.

“இனி அதுலேர்ந்து தண்ணிதான் வரும்” என்றார் வீட்டுக்காரர்.

என்ஜின் டாக்டர் கேள்விப்பட்டு, கேட்காமலேயே தன் கடை பேட்டரியைத் தூக்கிவந்து வைத்தார். “சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றார். பிளக் மாட்டாமலே என்ஜினைச் சுற்றவிட்டு, ஊறின எண்ணெயை ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியேற்றினார்கள். டாக்டரின் வெள்ளைச் சட்டையும் சேர்ந்து சிகிச்சை பெற்றது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை.

ஞாயிறு காலை. வாசலில் பந்தல், பூ, ரிப்பன். அண்ணன் மைக்கைப் பிடித்தாயிற்று. காரைத் தள்ளிக்கொண்டு போக நாலு மாணவர்கள் ஷெட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். தங்க நிறமும் வேண்டாம், என்ஜினும் இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் ஏற்றுங்கள் என்று அண்ணன் உத்தரவு.

“விழா முடியலையே? முடிஞ்சா வாங்க” என்றாள் தங்கை, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.

நெருப்புப் பொறிக்கான சின்ன முனைகள் இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன. வீட்டுக்காரர் அவற்றை நைஸ் தாளால் தேய்த்து, லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்து, ஊதி, இடைவெளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சரி செய்தார். அவள் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டாள். உட்கார்ந்தாள். திருப்பினாள்.

இருமல். மறுபடி திருப்பினாள். நீண்ட இருமல். மூன்றாவது தடவை ஷெட்டின் தகரமெல்லாம் அதிர, அப்பாவின் கார் வாயைத் திறந்தது.

உள்ளே மிச்சமிருந்த எண்ணெயெல்லாம் எரிந்து, வெள்ளைப் புகை மூட்டை மூட்டையாகப் புறப்பட்டுப் பந்தலுக்குள் நுழைந்தது. “விடாமுயற்சி என்பது...” என்ற அண்ணனின் குரல் இருமலில் முடிந்தது. அதிகாரி இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்துக் கைதட்டினார்.

அவள் முதல் கியர் போட்டாள். கார் புகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எதிரே கேட்டுக்குப் போகும் பாதை முழுக்க, புகைக்குத் தப்பி ஓடிவந்த கூட்டம். பிரேக்கை மிதித்தாள். மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்த் தரையிலேயே தங்கிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்தாள், அது கையோடு வந்தது. நகராத வண்டியை நகர்த்துவதிலேயே இருவரும் அத்தனை நாளும் குறியாக இருந்தார்கள். நகர்ந்தால் நிற்கவும் வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வலது பக்கம் ஆட்கள். நேரே ஆட்கள். இடது பக்கம் பீடத்துக்கு ஏறும் சரிவு. ஏற்றத்தில் எதுவும் வேகம் குறையும். ஸ்டீயரிங்கை முழுக்க இடதுபுறம் ஒடித்தாள்.

கார் ரிப்பனை அறுத்துக்கொண்டு சரிவில் ஏறி, பீடத்தின்மேல் போய், திண்டில் முட்டி நின்றது. கிளச்சை மிதித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தனை பேரின் பார்வையும் பீடத்தின்மேல். அதை வீணாக்க அண்ணன் என்ன முட்டாளா? “பார்த்தீர்களா!” என்று மைக்கில் முழங்கினார். “தனக்குரிய இடத்தைத் தானே தேடி ஏறியிருக்கிறது!” பந்தல் அதிர்ந்தது. மைக்கை மூடிக்கொண்டு, சரிவின் நடுவில் காருக்குப் பின்னால் ஏறி நின்றார்.

“போதும்மா, ஆஃப் பண்ணிட்டு இறங்கு. நீயே ஏத்திக் குடுத்திட்டே.”

“இன்னும் கேட்டைத் தாண்டலையேண்ணா.”

“விழா முடிஞ்சாச்சு. கார் பீடத்துல நிக்குது.”

“விழா முடிஞ்சிருந்தா மைக் எதுக்கு உங்க கையில? கார் நிக்கலண்ணா, ஓடிட்டிருக்கு. வழி விடுங்க.”

“விட மாட்டேன்.” அண்ணன் மார்பை நிமிர்த்தி, கைகளை விரித்தார். போட்டோ எடுப்பவர் ஓடிவந்தார். “என்னைத் தாண்டித்தான் போகணும்!”

தங்கை ஜன்னலில் தலையை நீட்டி, மெல்லச் சொன்னாள்.

“அண்ணா, பிரேக் இல்ல.”

அத்தனை வருடப் பயிற்சியில் அவர் யாருக்கும் தராத வேகத்தைத் தானே அடைந்தார். மைக்கோடு எகிறி, புதிதாகத் தண்ணீர் விட்ட பூச்செடிப் பாத்தியில் முழங்கால்வரை இறங்கினார். “தள்ளுங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க!” என்று அவரே மைக்கில் கத்திப் பாதையை ஒழுங்குபடுத்தினார்.

ரிவர்ஸ் கியர் விழ மறுத்தது. அவள் வற்புறுத்தவில்லை. கிளச்சை விட்டு மறுபடி மிதித்து, கியர் கம்பியை அசைத்து அசைத்துக் கொடுத்தாள். “மெதுவா. அவ்வளவுதான்.” விழுந்தது. கார் கியரின் பிடியிலேயே அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கி, தரையைத் தொட்டு, தானாகவே வேகம் அடங்கியது. முதல் கியர். வீட்டுக்காரர் கேட்டை அகலத் திறந்துவிட்டு, “பிரேக் இல்லீங்க, பிரேக் இல்லீங்க” என்று தெருவில் போகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் கேட்டைத் தாண்டியது. முன்சக்கரம், பின்சக்கரம், கடைசியாகப் புகை. சாட்சிகள் எல்லோரும் கைதட்டினார்கள், பழக்கம்.

வீட்டுக்காரர் பக்கத்தில் ஓடிவந்து, கதவைத் திறந்து, ஒரு காலால் நொண்டி ஏறி உட்கார்ந்தார். அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பின்னால் யாரும் தள்ளவில்லை.

“இப்ப எங்க போறோம்?”

“பிரேக் ஆயில் வாங்க.”

“கடையில எப்படி நிறுத்துவே?”

“கடைக்கு முன்னாடி ஒரு மேடு இருக்கு. வந்ததும் சொல்லுங்க.”