மேல்தகடு

முப்பது கோடைகளாக வெர்லின் தன் பழைய டிரக்கில் ஏசி வைக்க மறுத்துவந்தான். ஜூலை மாதத்தில் நான் நிறைமாதமாக இருந்தபோதுகூட, "ஜன்னலை இறக்கிக்கோ நெல்டா, டெக்சாஸ் காத்து சும்மாதானே வருது" என்று சிரித்தவன். இந்த வருடம் நான் கேட்காமலே ஏசி வைக்கிறான். பக்கத்து சீட்டையும் துடைத்து வைத்திருக்கிறான். நான் அந்த வண்டியில் ஏறி எவ்வளவு காலமாயிற்று!

சனிக்கிழமை முழுக்க வெளியே இருந்துவிட்டு, ரமோனாவின் பழைய வண்டிக் கிடங்கில் வாங்கியதாகச் சொல்லி, ரேடியேட்டரை மேலிருந்து பிடித்து நிறுத்தும் ஒரு மேல்தகட்டைக் கொண்டுவந்தான். ஏசி வண்டிக்கான தடித்த ரேடியேட்டர் அதற்குள் சரியாக நுழைந்தது. ஆனால், கீழே தாங்கும் ரப்பர் பதித்த தாங்கிகள் பழையவை, குறுகலானவை. ரேடியேட்டர் அவற்றில் உட்காரவில்லை.

"ரமோனாகிட்டயே கேளேன்."

"அவகிட்ட இல்ல" என்றான், உடனே.

அந்த 'உடனே' என்னை உறுத்தியது. மறுநாள் அவனிடம் சொல்லாமல் கிடங்குக்குப் போனேன்.

ரமோனா சிரித்தாள். "ஏம்மா, உம் புருசனா? கிறிஸ்மஸுக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோம். நான் குடுத்திருந்தா மேலயும் கீழயும் சேத்துத்தான் குடுத்திருப்பேன். மேல்தகட்ட மட்டும் தனியா விக்கிறவ நான் இல்ல. எந்தக் கிறுக்கன் குடுத்தான்?"

நானும் சிரித்துவைத்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை. தாங்கிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் அவன் டிரக்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தாங்கிகளை உள்ளே நீட்டினேன். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. காகிதத்தைப் பிரித்த ஓசை மட்டும் வந்தது.

"ரேடியேட்டரைப் பிடிச்சுக்கோ. விட்டா முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்சர் மேல சாஞ்சிரும்" என்றான்.

இரண்டு கைகளாலும் பிடித்தேன். அதன் மெல்லிய தகடுகள் உள்ளங்கையில் பதிந்தன. ஒரு தாங்கி பொருந்தியது. மற்றதற்கு அவன் போல்ட்டைத் தேடினான்.

"சனிக்கிழமை எங்க போன, வெர்லின்?"

அடியில் போல்ட்டைத் தேடும் சத்தம் நின்றது. அவன் பூட்ஸ் முனைகள் அசையவில்லை. ரேடியேட்டரின் முழு எடையும் மெல்ல என் பக்கம் சாய்ந்தது. நான் கையை எடுக்கவில்லை.