பேசினால் நீளும் வீடு

தையல்காரியின் மொழிக்குழுவில் ஆட்கள் வாய் திறந்தால் அவள் வீடு நீளும், மூடிக்கொண்டால் சுருங்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் மட்டும் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு மாட்டிக்கொடுத்தார். "சிமென்ட் செலவு மிச்சம்" என்றான் கணவன்.

குழு தொடங்கக் காரணம் ஆசைதான், வேறொன்றுமில்லை. கடல் தாண்டிய ஒரு மொழியின் மேல் அவளுக்குக் கிறுக்கு. வாத்தியார் இல்லாமல் தானாகக் கற்பவர்களைக் கைப்பேசியில் ஒவ்வொருவராகச் சேர்த்தாள். லாரி ஓட்டுநர், நர்ஸ், வேலை கிடைக்காத பொறியாளர் என்று வந்தவர்கள் தப்பும் தவறுமாகப் பேசித் தீர்த்தார்கள். இரண்டு வருடத்தில் அந்த ஒற்றை அறை வீட்டுக்கு இன்னோர் அறை முளைத்தது. கணவனைப் பிரிந்து வந்து, தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்த நாத்தனார் அதில் குடியேறினாள். வாக்கப்பட்ட வீட்டில்கூட அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. முதல் வாரம் முழுக்க அதைச் சாத்திச் சாத்தித் திறந்து பார்த்தாள்.

பிறகு தையல்காரிக்குக் கை அரித்தது. கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் இருக்காத கை அது. யார் என்ன எழுதினாலும் பிரித்துத் திருத்திப் போட்டாள். ஆட்கள் என்னவோ சேர்ந்துகொண்டேதான் இருந்தார்கள், பேச்சுதான் நின்றது. பாடம் போட்டாள், போட்டி வைத்தாள். எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். கட்டைவிரலுக்கெல்லாம் சுவர் மசியவில்லை. நாளுக்கு நாள் உள்ளே வந்து நாத்தனாரின் கட்டிலைத் தள்ளியது. கட்டில் இடித்ததில் கதவைச் சாத்த முடியாமல் போயிற்று.

ஒரு காலையில் நாத்தனார் பெட்டியைக் கட்டினாள்.

"ஹாஸ்டல்ல இடம் இருக்காம் அண்ணி."

தையல்காரி வாசலை மறித்தாள். "வாயை மூடு. எங்கயும் போக வேணாம்."

"நான் மூடினா போதுமா? அதான் உங்க குழுவே மூடிக்கிட்டு கிடக்கே!"

சொன்ன வேகத்தில் கைப்பேசியைப் பிடுங்கினாள். இத்தனை நாள் காதில் விழுந்ததை வைத்து அந்த மொழியில் எழுதினாள்: தன் அண்ணனுக்கு மூன்று வயது, தான் ஒரு நல்ல நாற்காலி. தையல்காரியின் விரல் அதைத் திருத்தப் பாய்ந்தது. நாத்தனார் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க அண்ணி. ஒரே ஒரு தடவை."

முதலில் நர்ஸ் வந்தாள். நாற்காலிக்குக் கால் வலிக்கிறதா என்று, அதையும் தப்பாகவே கேட்டாள். லாரி ஓட்டுநர் மூன்று வயது அண்ணனுக்கு லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். பின்னாலேயே, கட்டைவிரலைத் தவிர எதையும் காட்டியிராதவர்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். சுவர் முனகிக்கொண்டே பின்வாங்கியது. நாத்தனார் பெட்டியை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினாள்.

இப்போது தினமும் காலையில் அவள்தான் ஒரு தப்பு எழுதிப் போடுகிறாள். மொழி நன்றாக வந்துவிட்டதால் தப்பு யோசிக்கவே அரைமணி ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறாள். போன மாதம் அவள் அறையில் ஜன்னலும் வந்தது. தையல்காரி திரை தைத்துக் கொடுத்தாள். ஓரம் கொஞ்சம் கோணிக்கொண்டது, இருக்கட்டும் என்று விட்டாள். ஜன்னல் இன்னும் அகலமாகுமே என்று, வளரும் பிள்ளையின் சட்டைக்கு விடுவதுபோல, உள்ளே நிறையத் துணி மடித்துத் தைத்திருக்கிறாள்.