ஏழாம் எண் வில்லை

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு நான் மேனேஜரின் போர்டைத் தொட்டேன். நேரம் சரியாகத் தெரியும், நோட்டில் எழுதியிருக்கிறேன். எதையும் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். எழுதாவிட்டால் நடந்ததா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எங்களுடையது வீட்டுச் சாமான்கள் விற்கும் மூன்று மாடிக் கடை. பில் போடும் இடத்தில் நாங்கள் எட்டுப் பேர். காலை ஷிப்ட் எட்டிலிருந்து இரண்டு, மதிய ஷிப்ட் இரண்டிலிருந்து ஒன்பது. யாருக்கு எந்த ஷிப்ட் என்பது மேனேஜர் அறைச் சுவரில் உள்ள இரும்பு போர்டில் இருக்கும். ஒவ்வொரு நாளின் வரிசையிலும் ஆளுக்கு ஒரு காந்த வில்லை, அதில் எண். நான் நான்கு. அக்கா ஏழு.

அக்கா என்று நான் கூப்பிடுபவள் பத்து வருடமாக அங்கே பில் போடுகிறாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் நோட்டு" என்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மிஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் படம் வரைந்துகொண்டதிலிருந்து அந்தப் பெயர்.

வியாழக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட் போட்டிருந்தது. அன்றைக்கு மாலை ஐந்தரைக்குத்தான் என் மாலை வகுப்பின் ஆண்டுத் தேர்வு. மருந்துக்கடை உதவியாளர் படிப்பு. அக்காவுக்கு அன்று காலை ஷிப்ட். ஆனால் காலை ஒன்பது மணிக்கு அவள் மகளுக்குக் காது பரிசோதனை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. குழந்தைக்கு ஆறு வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. மருத்துவமனையில் கடையின் மருத்துவ அட்டையைக் காட்டினால்தான் எல்லாம் நடக்கும். வேலை போனால் அட்டையும் போகும். அக்காவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு முறை 'வரவில்லை' என்று விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் தலைமை அலுவலகம் யாரையும் கேட்காமல் நீக்கிவிடும்.

ஆக, மாற்றிக்கொள்வது இரண்டு பேருக்கும் வசதி. சீட்டு எழுதினோம். அச்சடித்த சீட்டில் இவ்வளவுதான் இடம்: கிழமை, எண், எண். 'வியாழன், 4, 7' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனோம். அவர் இல்லை. கிடங்குக்குப் போயிருந்தார்.

"மேசைல வச்சிட்டு வா. அவர் பாத்து மாத்துவாரு" என்றாள் அக்கா.

"எப்பக்கா மாத்துவாரு? போன தடவை மூணு நாள் ஆச்சு. நான் எழுதி வச்சிருக்கேன்."

"நீ எழுதி வைக்காதது என்னடி இருக்கு? நான் தும்முனதுகூட இருக்கும்."

எங்கள் மேனேஜருக்குப் 'பாத்துக்கலாம் சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். பிறகு பார்க்கமாட்டார். அதனால் சீட்டை அவர் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, போர்டில் வியாழன் வரிசையில் இருந்த நான்கையும் ஏழையும் நானே இடம் மாற்றி வைத்தேன். போர்டின் மேல் 'மேனேஜர் தவிர யாரும் தொடக்கூடாது, மீறினால் நடவடிக்கை' என்று ஒட்டியிருந்தது. அதையும் படித்தேன்.

"வேணாம்டி, வம்பு" என்றாள் அக்கா.

"சீட்டுலயும் இருக்கு, போர்டுலயும் இருக்கு. இனி மறந்துபோக வழியே இல்லக்கா" என்றேன். இப்படித்தான் சொன்னேன். இதுவும் நோட்டில் இருக்கிறது.

புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்து பேருந்தில் ஏறியதும் போனைப் பார்த்தேன். கடையின் குழுவில் மேனேஜர் போர்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். 'நாளை' என்ற ஒரு சொல், வேறு எதுவும் இல்லை. படத்தில் காலை வரிசையில் ஏழு, மதிய வரிசையில் நான்கு. பழையபடியே இருந்தது. நான் மாற்றுவதற்கு முன் எடுத்த படத்தை அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அந்த மாதத்திலேயே இரண்டு முறை அப்படிப் பழைய படத்தைப் போட்டிருக்கிறார். இருந்தாலும் சந்தேகம். அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. குழுவில் எழுதினேன்: 'சார், வியாழன் 4, 7 மாற்றம் சரிதானே?' பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தப் பதினோரு விரலில் மேனேஜரின் விரல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பழைய படம்தான்டி அது. சீட்டைக் குடுத்தாச்சுல்ல? போய்ப் படி" என்றாள்.

வியாழன் காலை எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் வருகை பதியும் மிஷினில் விரல் வைத்தேன். சிவப்பு. மறுபடி வைத்தேன். சிவப்பு.

காவலாளி அண்ணன் எட்டிப் பார்த்தார். "அதுக்கு ஜலதோஷம்மா. நேத்து எனக்கும் அப்படித்தான். நீ உள்ள போ."

மேனேஜர் அறை பூட்டியிருந்தது. அவர் வேறு கிளையில் கூட்டத்துக்குப் போயிருந்தார், இரண்டு மணிக்குத்தான் வருவார். நான் அக்காவின் ஏழாம் கவுன்டரில் உட்கார்ந்து பில் போட்டேன். வாளிகள், தலையணை உறைகள், ஒரு கிழவருக்கு இஸ்திரிப்பெட்டி. கூட்டமான நாள். சிவப்பு விளக்கைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் யோசித்தேன். யோசித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள். முகம் கழுவிக்கொண்டு நேராக மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"ரெண்டு காதுக்கும் மிஷின் வைக்கணுமாம். இப்ப வச்சா பேச்சு தெளிவா வருமாம். லேட் பண்ணக் கூடாதாம். அட்டையிலயே எல்லாம் ஆயிடும்னாங்க." அவள் சிரித்தாள். "பாப்பா உன்னைக் கேட்டா. நோட்டு அக்கா எங்கேன்னா."

இரண்டு மணிக்கு வந்ததும் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

அவர் மேசையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தாள் இருந்தது. "காலையில ஏன் வரல?" என்று அக்காவைக் கேட்டார்.

"மாத்திக்கிட்டோம் சார். சீட்டுக் குடுத்தோமே."

"குடுத்தீங்க. இதோ இருக்கு. நேத்து மத்தியானம் நானே என் கையால ரெண்டு வில்லையையும் மாத்தி, படம் எடுத்துப் போட்டேன். அதுல உங்களுக்குக் காலைதானே? அதைப் பாத்து ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. எட்டரை வரைக்கும் உங்க விரல் விழல. மூணாவது தடவை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சீட்டைப் பார்த்து வில்லைகளை மாற்றியிருக்கிறார். நான் முந்தின நாளே மாற்றி வைத்ததை அவர் மறுபடி மாற்றியிருக்கிறார். இரண்டு முறை மாற்றினால் பழைய இடம்.

"அவங்களுக்குப் பதிலா நான் வேலை செஞ்சேன் சார். ஆறு மணி நேரம்" என்றேன்.

"அந்த பில்லெல்லாம் உன் பேர்ல இருக்கு. அவங்க பேர்ல ஒண்ணும் இல்லையே." அவர் போர்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ இடித்திருக்க வேண்டும். "நான் மாத்துறதுக்கு முன்னாடி யாராவது இந்தப் போர்டைத் தொட்டீங்களா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு தாண்டி ஆறு நிமிடம். ஐந்தரைக்குத் தேர்வு. ஒட்டியிருந்த எச்சரிக்கை அவர் தலைக்கு மேலே தெரிந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. திறக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"யாரு சார் தொடப்போறா?" என்றாள்.

"அப்ப நான் என்ன பண்றது? ஆர்டர் மேல இருந்து வந்திருக்கு. பாத்துக்கலாம், ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எங்க கிளம்புற? உனக்கு மதியம்தானே போட்டிருக்கு. அவங்களும் இல்ல. கவுன்டரை யார் பாக்குறது?"

"சார், எனக்குப் பரீட்சை."

"நீயும் வராதவங்க லிஸ்ட்ல சேரணுமா?"

அக்கா தன் அலமாரியிலிருந்து ஒரு சீப்பு, ஒரு ஜோடிச் செருப்பு, மகளின் படம் ஆகியவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, நான் சொல்லிடறேன்."

"இப்ப சொல்லி? உன்னையும் அனுப்புவாங்க. போய் வேலையைப் பாருடி." நோட்டு என்று கூப்பிடவில்லை.

ஐந்தரைக்கு நான் ஒரு பெண்ணுக்கு ஆறு தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். தேர்வு இனி அடுத்த வருடம்தான்.

அன்று மாலையே குழுவில் ஒரு வரி வந்தது, அக்காவின் எண் நீக்கப்பட்டதாக. யாரும் எதுவும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். தேதி, நேரம், எந்த வில்லையை எங்கிருந்து எங்கே வைத்தேன் என்பதெல்லாம். கீழே கையெழுத்து. மேனேஜர் நின்றபடியே படித்தார். திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். போகச் சொன்னால் ஒருவேளை அக்காவை அழைப்பார்கள் என்றும் நினைத்தேன்.

அவர் தாளை நான்காக மடித்துக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார்.

"இதை அனுப்பினா என்னையும் கேப்பாங்க, நீ ஏன் கவனிக்கலன்னு. இருக்கட்டும். பாத்துக்கலாம்."

"சார், அந்தக் குழந்தைக்குக் காது…"

"பாத்துக்கலாம்னு சொன்னேன்ல?" போனை எடுத்துக்கொண்டார். போர்டைக் கையால் காட்டினார். "அந்த ஏழாம் நம்பரை எல்லா வரிசையிலயும் எடுத்துடு. புது ஆள் வர்ற வரைக்கும் அங்கெல்லாம் உன் நம்பரைப் போடு. டிராயர்ல வில்லை இருக்கு."

"நானா சார்?"

"நீதான். கை எட்டுதுல்ல?"

ஏழு நாளுக்கு ஏழு வில்லைகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அழுத்தமான காந்தம், நகம் வலித்தது. வியாழன் வரிசைக்கு வந்தபோது காலையில் ஏழும் மதியத்தில் நான்கும் அவர் வைத்தபடியே இருந்தன. ஏழை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் நான்கை வைத்தேன். அவர் போனில் யாருக்கோ "பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாம் எண்ணை எடுத்த நேரம் காலை பதினொன்று ஐந்து என்று நோட்டில் எழுதினேன்.